கணக்கில் சேராத முழுக்கு

முப்பது வருஷத்துக்கு மேல் எங்கள் சபையை நடத்திய போதகர், ஒருமுறை ஞானஸ்நானம் கொடுக்கப் போய்த் தாமே மூழ்கப் பார்த்தார். அதை நினைத்தால் ஆராதனை நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். ஆண்டவர் மன்னிப்பார், அன்றைக்கு அவரும் சிரித்திருப்பார்.

வெள்ளைக்காரன் காலம் அது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எங்களுடையது பாப்டிஸ்ட் சபை. கைக்குழந்தையின் தலையில் தண்ணீர் தெளிப்பது எங்களிடம் கிடையாது. வளர்ந்து, விசுவாசித்து, தானாக விரும்பி வந்து முழு உடம்பும் தண்ணீரில் மூழ்கி எழவேண்டும். எங்கள் போதகர் ஒல்லியான மனிதர். கிள்ளான் ஆஸ்பத்திரியில் ரப்பர் தோட்டத்துச் சனம் யாராவது கிடக்கிறார்கள் என்றால், மழையென்றும் பாராமல் சைக்கிளை எடுத்துவிடுவார். அவர்மேல் சபைக்கு ஒரே ஒரு குறைதான். அவர் மனைவி, போதகரம்மா, முழுக்கு எடுக்கவில்லை.

அந்தம்மா மெதடிஸ்ட் வீட்டுப் பெண். கைக்குழந்தையிலேயே தெளிப்பு வாங்கியவர். "எங்கப்பா மடியில வச்சு வாங்கிக் கொடுத்தது. அது செல்லாதுன்னு எந்த வாயால சொல்றது?" என்பார்.

சபையில் என் பெரியப்பாதான் மூப்பர். ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த போதகரிடம் நேராகவே கேட்டுவிட்டார்.

"ஊருக்கெல்லாம் முழுக்கு, உங்க வீட்டுக்கு மட்டும் தெளிப்பா ஐயா? மெதடிஸ்ட்காரன் பார்த்துச் சிரிக்கிறான் லா! கிறிஸ்மஸுக்குள்ள அம்மாவத் தண்ணியில இறக்குங்க. இல்லாட்டி நாங்க வேற போதகரப் பார்த்துக்கிறோம்."

வேலை போனால், சபைக் கூடத்துக்குப் பின்னால் அவர்கள் குடியிருந்த அறையும் போய்விடும். போதகர் தேநீரைக் குடித்து முடித்தார். "அவ மனசு சொல்லணும்ண்ணே" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த மாதம் என் அப்பாவுக்கு முழுக்கு. அப்பா ரயில் இஞ்சினில் கரி அள்ளிப் போடுகிறவர். இரண்டு ஆள் உடம்பு. தண்ணீர் என்றால் பயம். ஒரு செங்கல் லோரியில் சபையே ஏறிக்கொண்டு, சுங்கைபீசிப் பக்கம் ஈயம் தோண்டிவிட்ட பழைய குட்டைக்குப் போனோம்.

நாங்கள் கரையில் நின்று பாட, வெள்ளை அங்கியில் போதகர் முன்னே இறங்கினார். அப்பா அவரை இறுகப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். மார்பளவு தண்ணீரில் நிறுத்தி, வார்த்தைகளைச் சொல்லி, போதகர் அவரைப் பின்புறமாகச் சாய்த்தார். களிமண் வழுக்கியது. இருவரும் சேர்ந்தே உள்ளே போனார்கள்.

அப்பா மட்டும் எழுந்தார். இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு, "அல்லேலூயா!" என்று முழங்கினார். நாங்களும் முழங்கினோம். போதகரைத்தான் காணோம். அவருடைய அங்கியின் மேலேயே அப்பா நின்றுகொண்டிருந்தார்!

முதலில் கண்டுகொண்டவர் போதகரம்மாதான். செருப்பைக்கூடக் கழற்றாமல் தண்ணீரில் பாய்ந்தார்.

"அண்ணே, காலை எடுங்க! அவரை மிதிச்சிட்டு நிக்கிறீங்க!"

அப்பாவுக்குக் காதிலெல்லாம் தண்ணீர். "ஸ்தோத்திரம்" என்றார். அந்தம்மா அவரை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, தலைகுப்புற உள்ளே மூழ்கி, துணியை விடுவித்து, புருஷனின் கழுத்துப் பட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே வந்தார்.

போதகர் மூச்சு விடுவதைப் பார்த்ததும் பெரியப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

"அம்மா முங்கியாச்சு! உச்சந்தலை மயிர்கூட மிச்சமில்ல. ஐயா, பிதா குமாரன்னு ரெண்டு வார்த்தை சொல்லிடுங்க, இதோட இந்த வழக்கு தீர்ந்துச்சு!"

எல்லாரும் போதகரைப் பார்த்தோம். அவர் சேற்றுத் தண்ணீரைத் துப்பினார்.

"இல்லண்ணே. இவ என்னைத் தேடி இறங்கினா. ஆண்டவரைத் தேடி இறங்கல. இது கணக்குல சேராது."

பெரியப்பா தம் கோட்டைக் கழற்றிப் போதகரம்மாவின் தோளில் போட்டார். "ஏறுங்கம்மா, சளி பிடிச்சுக்கும்" என்றார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவர் வாயில் எடுக்கவேயில்லை. எனக்குக் கலியாணம் செய்து வைத்தவரும், என் மூத்தவனைத் தண்ணீரில் இறக்கி எடுத்தவரும் அதே போதகர்தான். போதகரம்மாவைக் கர்த்தர் அழைத்துக்கொண்டபோது, தம் அப்பா மடியில் வாங்கிய அந்தத் தெளிப்போடுதான் போனார். கல்லறையில் ஜெபம் பண்ணியதும் போதகரே.

இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு லோரியில் திரும்பும்போது என் அம்மாவின் காதில், "ஐயா ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தா வேலை போகாதேம்மா?" என்று கேட்டேன். "சும்மா வாடி" என்றார் அம்மா.

எதிரே போதகரம்மா நனைந்த சேலையோடு உட்கார்ந்து, புருஷனின் காதிலிருந்து களிமண்ணை விரலால் எடுத்துக்கொண்டிருந்தார். எடுக்க எடுக்கச் சிரிப்பு பொங்கியது, கண்ணில் தண்ணீரும் நிறைந்தது. வீடு போகப்போகிறது, காப்பாற்றியிருக்கக்கூடிய மனிதரோ அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லவில்லை. அவரைப் பார்த்து இந்தம்மா எதற்காக இப்படிப் பூரித்துப்போகிறார் என்று எட்டு வயதில் எனக்கு விளங்கவேயில்லை.