பொழுதோடு வந்த தட்டு

ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போது நான் மயங்கி விழுந்தேன். கொதிக்க வைத்து எடுத்த கத்தி, கத்தரி எல்லாம் தட்டோடு தரையில் சிதறின. மேசையில் ஒரு சிப்பாய், வயிறு திறந்த நிலையில். மாற்றுக் கருவிகள் வரும்வரை மேஜர் டாக்டர் ரத்தக்குழாயை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாராம். சிப்பாய் பிழைத்துக்கொண்டார். என் வேலை பிழைக்குமா என்றுதான் தெரியவில்லை.

அன்பர்களே, நான் செஞ்சிப் பக்கத்துத் தொண்டூர்க்காரன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். பாண்டிச்சேரியில் மூட்டை தூக்கினேன், பெங்களூரில் லாரி கழுவினேன். எந்த ஊரிலும் கால் தரிக்கவில்லை. அம்மாவும் நைனாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். சீனச் சண்டைக்குப் பிறகு பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது மருத்துவப் பிரிவில் சேர்ந்தேன். கொல்லாமை சொல்லும் நம் ஜைன குலத்தில் பிறந்தவனுக்கு அங்கே திறந்திருந்த ஒரே வாசல் அது. காயத்துக்குக் கட்டுப் போடக் கற்றேன். பிறகு அசாமில் ஒரு ராணுவ மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டருக்கு எடுத்தார்கள். நன்றாகச் செய்தால் அதற்கென்று இருக்கும் தனி வகுப்புக்கு அனுப்புவார்கள். விட்டு ஓட எனக்குத் தோன்றாத வேலை அது ஒன்றுதான்.

என்னிடம் மிச்சமிருந்த இன்னொன்று, பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத நம் நியமம். வீடு போனது, நிலம் போனது, இது போகவில்லை. செஞ்சிப் பக்கம் இருந்தவரை கஷ்டமே தெரியவில்லை. அசாமில் மார்கழி மாதம் நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. நாடு முழுக்கக் கடிகாரம் ஒன்றுதான், கிழக்குக் கோடியில் சூரியன்தான் முந்திக்கொள்கிறது. சமையல் கொட்டகையில் ராச்சாப்பாடு ஆறு மணிக்கு மேல். மதியம் சாப்பிட்டால் மறுநாள் காலைதான். தண்ணீரும் குடிக்க மாட்டேன். யாராவது கேட்டால் சாப்பிட்டாயிற்று என்பேன். பாஷையும் சரியாக வராது. எல்லாரும் தட்டோடு கூட்டமாக உட்கார்ந்து சிரிக்கும் சத்தம் கேட்கும். நான் கட்டிலில் போர்வைக்குள் சுருண்டு கிடப்பேன்.

அந்தப் பட்டினியில்தான் தியேட்டரில் விழுந்தேன். மறுநாள் மேஜர் கத்தவில்லை. ஊருக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு வா, இன்னொரு முறை விழுந்தால் ஸ்டிரெச்சர் தூக்கப் போய்விடு என்று மட்டும் சொன்னார்.

தை மாதம் செஞ்சியில் இறங்கினேன். போய்த் தங்க வீடு இல்லை. நேரே திருநாதர் குன்றுக்கு நடந்தேன். பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் எதுவும் கேட்கக்கூடாது, கொடுப்பதையும் வாங்குவதையும் கடந்தவர்கள் என்று நைனா சொல்லுவார். அவர்களை வணங்கிவிட்டு, கேட்டால் இரங்கும் நம் காவல் தெய்வம் தருமதேவி அம்மனைக் கூப்பிட்டேன்.

"தாயே, நியமத்த விட்டா நான் யாருன்னே எனக்குத் தெரியாது. வேலைய விட்டா மறுபடியும் தெருதான். ரெண்டுல ஒண்ணையும் புடுங்கிக்காதம்மா."

சத்தம் போட்டே அழுதேன். கேட்க ஆளில்லை. காற்று அடித்தது. ஒன்றும் நடக்கவில்லை.

வெயில் தாழ இறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். ஓரமாக ஒரு இட்லிக் கடை. உட்கார்ந்த உடனே, என்ன வேண்டும் என்று கேட்காமல் கடைக்காரர் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். என் நெற்றிச் சந்தனத்தைப் பார்த்தே ஜைன நயினார் என்று தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

"சீக்கிரம் சாப்டுங்க நயினாரே, பொழுது சாயுது."

ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தேன். கண் கலங்கிவிட்டது.

"இன்னாங்க, சட்னி காரமா?"

"இல்லீங்க. பட்டாளத்துல இருக்கறேன். அங்க யாரும் இப்படிப் பொழுதோட குடுத்ததில்ல."

"ஏன், அங்க சோறு கெடையாதா?"

"இருக்குது. இருட்டனப்புறந்தான் போடுவாங்க. பட்டினியா படுத்துக்குவேன்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "சமைக்கிறவன்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"அட, இன்னா ஆளுய்யா நீ! செஞ்சியில நாங்க பொறந்ததுலேருந்து உங்க ஜனத்தப் பாக்கறோம், தெரியுது. அவன் எந்த ஊர்க்காரனோ! அவனுக்கு இன்னா, கனவுலயா வரும்?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ரொம்ப நாளைக்குப் பிறகு.

அப்போதுதான் உறைத்தது. நம் ஊரில் இதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. அதனால் சொல்லவே நான் கற்றுக்கொள்ளவில்லை. குன்றின்மேல் கேட்டதற்குப் பதில் கீழே இட்லித் தட்டோடு வந்திருந்தது.

அசாமுக்குத் திரும்பிய அன்றே சமையல்காரரிடம் போனேன். அவர் வடக்கே இமயமலைப் பக்கத்துக் கட்வால்காரர். அரைகுறை இந்தியில், சூரியனைக் காட்டி, வாயைக் காட்டி, கையை ஆட்டிச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். வார்டு நோயாளிகளுக்கு நாலு மணிக்கே ரொட்டியும் பருப்பும் இறக்குகிறேனே, மடையா, உனக்கு ரெண்டு எடுத்துவைத்தால் என் கை தேய்ந்துவிடுமா என்றார். மேஜரும் அந்த நாலு மணிக்குத் தியேட்டரிலிருந்து கொஞ்ச நேரம் வெளியே போய்வர அனுமதித்தார். மறுநாளிலிருந்து அடுப்போரம் ஒரு தட்டு மூடியிருந்தது.

அதற்குப் பிறகு நான் விழவில்லை. தனி வகுப்புக்கு அனுப்பினார்கள், தேறினேன். இன்று அதே மேஜருக்குப் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுக்கிறேன். எந்த ஊருக்கும் ஓடிப்போகத் தோன்றவில்லை. அந்த நேரத்தில் சாப்பிடுகிறவன் நான் ஒருவன்தான், இன்னும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். ஆனால் எனக்கென்று ஒருவர் மூடி வைத்த தட்டைத் திறக்கும்போது முன்போல் இல்லை.

அன்பர்களே, தூரதேசத்தில் தனியாகக் கிடக்கும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். நியமத்தை விடவேண்டாம், தாயை நம்பு என்று சொல்லி அனுப்புங்கள். அவளிடம் கேட்டுவிட்டு, பக்கத்தில் அடுப்பு மூட்டுகிறவரிடமும் வாய் திறந்து சொல்லச் சொல்லுங்கள். எனக்கு அவள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.