ஒரு சொல்லுக்கு ஒரு நோட்டு வைத்திருந்த அண்ணன்

நம் தீவின் தேர் ரூஜ் ஊரில் பிறந்து, அதே ஊரில் இந்த வருடம் கண் மூடிய எங்கள் அண்ணன் அவர்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். கோவில் பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கற்ற எழுத்துதான் எனக்கு. மெதுவாகத்தான் வரும். ஆனாலும் என் கணவர் காலமான பிறகு அண்ணன் வீட்டுக்கே வந்து முப்பது வருடம் அவருக்குச் சோறு போட்டவள் நான். என்னைவிட அவரைத் தெரிந்தவர் கிடையாது.

அண்ணன் நாலு வகுப்பு படித்துவிட்டுக் கரும்பு வெட்டப் போனவர். தோட்டங்களில் வேலையை நிறுத்திய வருடம், குறை கேட்க ஓர் ஆங்கிலத் துரை வந்தார். எங்கள் அப்பா எழுந்து நின்று வெகுநேரம் பேசினார். மொழிபெயர்த்தவர் அதை ஒரே வரியில் முடித்துவிட்டார். துரை தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அன்றைக்கு அண்ணன் ஆங்கிலம் படிக்க முடிவு செய்தார். நல்ல முடிவுதான். அவதிப்பட்டது நான்.

'கம்' என்றால் 'வா'. இது எனக்கே தெரியும். அதன் பின்னால் ஒரு சின்னச் சொல் ஒட்டிவிட்டால் யாரும் வருவதே இல்லையாம். 'கம் அக்ராஸ்' என்றால் எதேச்சையாகக் காண்பதாம். 'கம் டவுன் வித்' என்றால் நோயில் விழுவதாம். 'கம் பை' என்றால் கிடைப்பதாம். இந்த ஒரு சொல்லுக்கே தனி நோட்டு. சோறு ஆறும், பருப்பு உறையும், அவர் எழுதிக்கொண்டிருப்பார். ஊரார் ஆங்கிலக் கடிதம் கொண்டுவந்தால் வாசித்துச் சொல்வார். சந்தேகம் இருந்தால் மட்டும் வாய் திறக்கமாட்டார்.

உலகச் சண்டைக் காலத்தில் பக்கத்து வீட்டுப் பார்வதி அக்காவின் ஒரே மகன் முருகன் பட்டாளத்தோடு எகிப்துக்குப் போயிருந்தான். ஒரு நாள் காலை அங்கிருந்த ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. அண்ணன் வாசித்தார். முகம் மாறியது. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

"அண்ணா, ஏதாவது சொல்லிட்டுப் போங்க. பெத்தவ நிக்கிறா."

"காய்ச்சல்ல விழுந்தான்னு இருக்கு. அப்புறம் 'கம் த்ரூ'ன்னு இருக்கு. அது நோட்டுல இல்ல. போர் லூயி பட்டணத்துல வாத்தியாரைக் கேட்டுட்டு வரேன்."

"காய்ச்சல்னாவது அவகிட்ட சொல்லுங்களேன்."

"பாதி சொன்னா பொய் மாதிரி ஆயிடும்."

என் காதில் மட்டும் இதைப் போட்டுவிட்டு, பெற்றவளைத் திரும்பியும் பாராமல் போய்விட்டார். பார்வதி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பிள்ளை இருக்கானா?" என்றாள். காய்ச்சல் என்று சொல்ல வாய் வந்தது. மீதி என்னவென்று கேட்டால் என்ன செய்வேன்? "மோ பா கொனே அக்கா, எனக்குத் தெரியாது" என்றேன். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் பேசாமல் போன செய்தி தெருவெல்லாம் பரவியது. மதியத்துக்குள் சாவு வீட்டுக்குப் போடுகிற பெஞ்சுகள் வந்தன. கிரியோல் வீட்டு மதாம் ஒரு பெரிய கேத்தல் நிறையக் காப்பி கொண்டுவந்தாள். பெண்கள் பார்வதி அக்காவைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். நானும் அழுதேன். அழுதுகொண்டே அண்ணனைத் திட்டினேன்.

மூன்று மணிக்கு அண்ணன் வேர்வை சொட்ட வந்து சேர்ந்தார். கூட்டத்தைப் பார்த்துத் திகைத்துச் சைக்கிளை விட்டு இறங்கினார்.

"யார் போனது?"

பெஞ்சில் இருந்த பெரியவர் எரிந்து விழுந்தார். "முருகன்தான். உனக்குத் தெரியாதா?"

"யார் சொன்னது?"

"நீதான்."

"நான் ஒண்ணுமே சொல்லலியே."

"அதனாலதான்."

அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பார்வதி அக்கா முன்னால் குந்தினார். "அக்கா, கெட்ட காய்ச்சல். ஆனா தாண்டி வந்துட்டான். பிழைச்சுக்கிட்டான்."

அவள் அவர் முதுகில் இரண்டு கையாலும் அடித்தாள். "இதைக் காலையில சொன்னா உன் வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமாடா?" பிறகு அவர் தோளிலேயே சாய்ந்து அழுதாள். காப்பியை வீணாக்கக் கூடாது என்று எல்லோரும் குடித்துவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகாவது திருந்தினாரா என்றால், இல்லை. கிளம்பும்போது, "இன்னும் தெரியல, யாரும் அழ வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போவார். அவ்வளவுதான் மாற்றம். ஆனால் அவர் வாசித்துச் சொன்ன கடிதம் தப்பு என்று இந்த ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. அப்பாவின் பேச்சைப் போல யார் பேச்சையும் அவர் குறைத்ததில்லை. இதை நான் பெருமையாகவே எழுதுகிறேன்.

நாட்டுக்கு விடுதலைக் கொடி ஏறியதைப் பார்த்த பிறகு நெஞ்சு வலியில் படுத்தார். எட்டு நாள் இருந்தார். இரவு பகல் பாராமல் துணை நின்ற பிள்ளைகளுக்கும், பாடை கட்டியவர்களுக்கும், தேவாரம் ஓதியவர்களுக்கும், சமைத்துக் கொடுத்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பிக் கடன்பட்டிருக்கிறது. உங்களுக்கெல்லாம் காப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே நான் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் போனது என்று கேட்டுக்கொண்டு அவர் வந்து இறங்கியிருந்தால், அன்று திட்டியதைவிட நன்றாகத் திட்டியிருப்பேன்.

இப்படிக்கு,
தங்கை