வெறும் வயிற்றோடு வந்தவர்

மண்டி மொஹல்லாவில் ஒரு மாடியில் இருந்த ஹோலிஸ்டிக் மனநல சிகிச்சை நிலையத்தில் எனக்கு முந்தைய டோக்கன் மார்டள்ளி கிராமத்து விவசாயி ஒருவருக்கு. வெள்ளை வேட்டி, மடியில் பழைய ஸ்கேன் கவர். "உடம்பு, மனசு எல்லாம் சேர்த்துப் பார்ப்பாங்க" என்று மகள் சொன்னதை முழு உடல் பரிசோதனை என்று நினைத்து, காபிகூடக் குடிக்காமல் வந்திருந்தார்.

உள்ளே போனவர் குழப்பத்தோடு வெளியே வந்தார்.

"ரத்தமே எடுக்கலீங்க. கண்ணை மூடச் சொல்லி, உள்ளுக்குள்ள என்ன தோணுதுன்னு டாக்டரம்மா கேட்டாங்க. பசிக்குதுங்கன்னேன். ரொம்ப நல்லதுன்னு எழுதிக்கிட்டாங்க."

அடுத்த வாரமும் அவர் சாப்பிடாமல்தான் வந்திருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"மறுபடி கேப்பாங்கல்லீங்க? சொல்றதுக்கு ஏதாவது வேணுமே."

அன்று என் முறை வந்ததும் நானும் கண்ணை மூடினேன். வயிறு நிறைய செட் தோசை. சொல்வதற்கு ஒன்றுமே அகப்படவில்லை.