மடலுக்குள் இருந்த பெயர்கள்

செய்தி வந்தபோது கோவில் சமையற்கூடத்தில் நான்கு பேர் இருந்தோம்: உபதேசியார் அருளப்பன், பாடகர் குழு ஜெயராணி, என் நாத்தனார் பிலோமினா, நான். போனை வைத்துவிட்டு உபதேசியார், "நம்ம சகாயமேரி போயிட்டாங்க. மாரடைப்புங்க," என்றார். சகாயமேரி தைத்துக் கொடுத்த பீடத்துணியைத்தான் நான் மடித்துக்கொண்டிருந்தேன். கீழே வைக்க மனம் வராமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

சகாயமேரியைப் பங்கு மக்களாகிய உங்களுக்குத் தையல்காரராகத் தெரியும். நம் பங்குக் கோவிலின் அடக்கப் பதிவேட்டைக் காப்பாற்ற முயன்றவரும் அவர்தான். அலமாரிக்குள் மழைநீர் இறங்கித் தாள்கள் ஒட்டத் தொடங்கியபோது, ஒவ்வொரு பக்கத்தையும் தையல் ஸ்கேலால் அழுத்திப் பிடித்துப் படமெடுத்தார். கல்லறைத் திருநாளில் வாசிக்கும் இறந்தோர் பட்டியலை எழுதுகிறவள் நான். அதனால் படங்களை எனக்கு இமெயிலில் அனுப்பினார். "வாட்ஸாப்புல போட்டா எழுத்து மங்கிப்போவுதுங்க," என்பார்.

மடல்களை அன்றன்றே திறக்கும் பழக்கம் எனக்கில்லை. திருநாள் நெருங்கியதும் அவர் பெயரைப் போட்டு, 'இணைப்பு உள்ளவை மட்டும்' என்று தேடினேன். வந்ததைக் கொண்டு பட்டியலை எழுதி முடித்தேன். மற்றவை வெறும் நலம் விசாரிப்புகள் என்று எண்ணினேன். பெட்டி நிறைகிறதே என்று அவற்றில் பாதியை அழித்தும் விட்டேன்.

திருநாள் பூசை முடிந்ததும் சித்தேரி மலையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த லூர்தம்மா என்னிடம் வந்தார்.

"எம்புள்ள ஸ்டெல்லா பேரு வரவே இல்லீங்களேக்கா?"

எல்லார் எதிரிலும் சகாயமேரியைக் காட்டினேன். "இவங்க அந்தப் பக்கத்த அனுப்பலைங்க."

"அனுப்புனேனுங்க. இன்னொருக்கா பாருங்க."

"ரெண்டு தடவ பாத்தாச்சு. கம்ப்யூட்டரு பொய் சொல்லுமா? ஜாக்கெட்டு அளவு ஞாபகத்துல இத மறந்துட்டீங்களாட்டம் இருக்குது!"

சிலர் சிரித்தார்கள். சகாயமேரி சிரிக்கவில்லை. மறுநாளே மலைக்குப் போய், தான் செய்யாத தவறுக்கு லூர்தம்மாவிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். சகாயமேரியின் அடக்கத்தன்று லூர்தம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

வீட்டுக்கு வந்து, அவர் எழுதியதில் மிச்சம் இருந்ததைப் படிக்க உட்கார்ந்தேன். முதல் மடலிலேயே இப்படி இருந்தது: "தனியா வெச்சா நீங்க தொறக்காம வுட்டுர்றீங்க. அதான் இனி கடுதாசிக்குள்ளயே வெக்கிறேன். பாத்துத்தானே ஆவணும்!" அதற்குக் கீழே பதிவேட்டின் பக்கம், ஸ்கேல், அவருடைய கட்டை விரல். மடலுக்குள் இருந்த படத்தை என் தேடல் இணைப்பாகவே எண்ணவில்லை. கண்ணீர் கண்ணை மறைத்தது. அன்று அதற்குமேல் படிக்க முடியவில்லை.

தேடும் மென்பொருளைச் செய்கிறவர்களிடம் ஒன்று கேட்பேன். கடைக்காரர்களின் மடலுக்கு அடியில் வரும் முத்திரைப் படங்களைத் தள்ளிவிடுங்கள். ஆனால் ஒருவர் வரிகளுக்கு நடுவே தன் கையால் வைத்த படத்தையும் இணைப்பு என்றே எண்ணிக் காட்டுங்கள். தேடல் காட்டாமல் விட்டதை அவர்மேல் குற்றமாகச் சொன்னது என் வாய். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டியவரிடம் சொல்லவில்லை.

இப்போது யார் மடல் வந்தாலும் கடைசி வரி வரை இறங்கிப் பார்க்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். ஆண்டவர் இன்னும் கொஞ்ச நாள் முன்பே அதைத் தந்திருக்கலாம்.

கிடைத்த மடல்களில் மூன்று பக்கங்கள் இருந்தன. ஸ்டெல்லாவின் பக்கம் இல்லை; நான் அழித்தவற்றோடு போயிருக்கிறது. பதிவேட்டில் அந்தத் தாள்கள் ஒட்டிப்போய்விட்டன. அவருடைய போனின் பூட்டைத் திறக்க யாருக்கும் தெரியவில்லை. ஸ்டெல்லாவின் பெயரை நான் எழுதிச் சேர்த்துவிடுவேன். அந்தப் பக்கத்தில் அவளோடு இருந்தவர்கள் யார் யார் என்று தெரியவில்லை.

பங்குப் பேரவையில் உங்களில் சிலருக்கும் அவர் நகல் அனுப்பியது மடலின் தலைப்பில் தெரிகிறது. தயவுசெய்து இணைப்பு என்று தேடாதீர்கள். அவர் மடல்களை ஒவ்வொன்றாகத் திறந்து அடிவரை பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அவருடைய முப்பதாம் நாள் பூசை. அந்தப் பெயர்களை அன்று வாசிக்க வேண்டும். சனிக்கிழமைக்குள் பதில் எழுதுங்கள். இல்லையென்றால், இல்லை என்றாவது எழுதுங்கள்.