நேர்ந்துகொண்ட செவ்வந்தி

என் கணவர் இறந்தபின் மகள் ஒரு வருடமாகத் தூரிகையைத் தொடவில்லை. அவள் மறுபடி வரைந்தால், அவர் நட்ட செவ்வந்தியிலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்கு மாலை சாத்துவதாக நேர்ந்திருந்தேன்.

ஒருநாள் ராஜபாளையம் வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்து, அந்தப் பூக்களையே ஆயில் பெயிண்டிங்காக வரையத் தொடங்கினாள்.

"பாதிதாம்மா ஆயிருக்கு. இது காயட்டும். மிச்சத்தை நாளைக்குப் பாத்து வரையுறேன்" என்றாள்.

எனக்கு நிலைகொள்ளவில்லை. மறுநாள் காலையிலேயே அத்தனை பூவையும் பறித்துக்கொண்டு கோவிலுக்குப் போய்விட்டேன்.

திரும்பியபோது வெறும் செடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, உனக்காக நேந்த மாலை அது."

"விடும்மா. அங்கயாச்சும் முழுசா இருக்கட்டும்" என்று பிரஷ்களைத் துடைத்து வைத்தாள்.

செடி திரும்பப் பூத்துவிட்டது. நான் பறிப்பதில்லை. தினமும் அதன் முன்னால் அவள் நாற்காலியைப் போட்டு வைக்கிறேன். அவள் வரவில்லை. கூப்பிட எனக்குப் பயமாக இருக்கிறது.