அட்டைச் சவுக்காரம்

எங்கள் அக்கா எங்கே புறப்பட்டாலும் அவள் பையில் ஒரு துண்டுச் சவுக்காரம் இருக்கும். உடுப்பு கழுவுகிற மஞ்சள் சவுக்காரம். அதை அரைக் கட்டையாக வெட்டி, பழைய துணியில் சுற்றி வைத்திருப்பாள். ஓப்பநாயக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது வருசமாகக் கொழுந்து எடுக்கிறவள் அவள். மழை பெய்தால் எங்கள் மலையில் புல்லைவிட இரத்தம் குடிக்கிற அட்டைதான் அதிகம். காலிலும் கையிலும் காய்ந்த சவுக்காரத்தை அழுத்தித் தேய்த்துக்கொண்டால் அட்டை ஏறாது. லயத்து வரிசை வீட்டில் எங்களுக்குக் காலைத் தேத்தண்ணியும் சவுக்காரமும் ஒன்றாகத்தான் வரும். நான் தோட்டத்தை விட்டுப் பெல்மதுளையில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு வேலைக்குப் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. இன்னும் வானம் இருட்டினால் என் கணுக்கால் தானாக அரிக்கிறது.

அந்தச் சவுக்காரம் போன வருசம் மாசி மாதத்தில் எங்களோடு கடலுக்கும் வந்தது. மீன்பிடிக்கக் கிளம்புகிறவர்கள் என்னென்னவோ கொண்டுபோவார்கள். நாங்கள் கொண்டுபோனது அதை.

அக்காவுக்கு ஒரே மகள். மச்சான் அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். அக்கா தனியாளாகக் கொழுந்து எடுத்து அவளை வளர்த்தாள். படிப்பு முடிந்ததும் அவள் கட்டுநாயக்கவுக்குக் கார்மெண்ட் வேலைக்குப் போனாள். அவள் தங்கியிருந்த போடிங் வாசலுக்குச் சைக்கிளில் மீன் கொண்டுவருவான் ஒரு பையன். நீர்கொழும்பைத் தாண்டிச் சிலாபம் போகிற வழியில் அவன் ஊர், தமிழ் பேசுகிற மீன்பிடிக் குடும்பம், எங்களைப் போலவே மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். காலையில் அப்பாவோடு கடல், பிறகு சைக்கிள். மீன் வாங்கப் போனவள் மீன்காரனிடமே மனதைக் கொடுத்துவிட்டாள். விசயம் தெரிந்ததும் அக்கா மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. அவள் அப்படி வீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

கடலைப் பற்றிய பயம் அவளுக்கு இருந்தது. ஆனால் உண்மையான பயம் வேறு. அக்கா பன்னிரண்டு வயதில் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றிருக்கிறாள், தமிழ் பேசுகிற வீடுதான். அங்கே யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "தோட்டத்துக்காரி" என்பார்கள். அவளுக்கென்று ஒரு தகரக் கோப்பை தனியாக, பின்கதவுக்கு வெளியே, ஆணியில் தொங்குமாம். அந்தக் கோப்பையைப் பற்றி அக்கா என்னிடம் இரண்டே தடவைதான் சொல்லியிருக்கிறாள். இரண்டாவது தடவை சொன்னது, சம்பந்தம் பேச அந்தப் பையனின் ஊருக்குப் போகும் பஸ்ஸில்.

"என் மகளுக்கும் எவனாச்சும் ஒரு ஆணி அடிச்சு வச்சிருப்பான்டா. நம்மள எங்க போனாலும் அப்படித்தான் பாப்பாங்க. நான் அவகிட்ட நேரா வேணாம்னு சொன்னா என்னைய விட்டுப் போயிருவா. நீ தாய்மாமன். நீ சொன்னா சபை கேக்கும்."

"நான் என்னத்தச் சொல்றது?"

"நான் முந்தானைய இழுத்து இடுப்புல செருகுனா, வேணாம்னு சொல்லிரு. மரியாதையா சொல்லு."

ஆக, பாவம் என் தலையில். நான் கடையில் ஆணி விற்கிறவன், சபையில் பேசிப் பழக்கமில்லை. மூன்று பஸ் மாறி, ஆறு மணி நேரம், "மன்னிச்சிக்கங்க, எங்களுக்குச் சரிவராது" என்பதை மனதுக்குள் நூறு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அக்கா மகள் போடிங்கிலிருந்து நேராக அங்கே வந்து சேர்ந்திருந்தாள். பையனின் வீட்டில் நன்றாகத்தான் கவனித்தார்கள். தேத்தண்ணி வந்தபோது அக்கா தன் கோப்பையையும் அவர்களுடைய கோப்பைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் ஒரே பூப்போட்ட செட். "மொதல் நாள் எல்லாரும் நல்லவங்கதான்," என்று என் காதில் முணுமுணுத்தாள். பையனின் அப்பா வாய் ஓயாத மனிதர். "கடலப் பாக்காம பொண்ணு குடுக்க ஏலுமா? நாளைக்கி விடிய எல்லாரும் போட்ல வாங்க, கரைக்குக் கிட்டத்தான், பயமில்ல. வந்து பேசுவம்," என்றார். பேச்சை அப்படிக் கடல் தாண்டித் தள்ளி வைத்தது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

விடிந்தும் விடியாமலும் பையனோடு கரைக்குப் போனோம். பையனின் அப்பா முன்னாலேயே போய் போட்டில் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணல் ஈரமாக இருந்தது. அக்கா அந்த ஈரத்தைப் பார்த்தாள், பையைத் திறந்தாள், சவுக்காரத்தை எடுத்தாள்.

"அம்மா, கடல்ல அட்டை இருக்காதும்மா," என்று மகள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஈரம் இருக்கிற எடமெல்லாம் அட்டை இருக்கும். காலக் காட்டு."

இங்கே நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அவள் சொன்னது எனக்கும் சரியென்றே பட்டது. நானும் காலை நீட்டினேன், கையையும் நீட்டினேன். மகள் தலையில் அடித்துக்கொண்டு அவளும் நீட்டினாள். அக்கா வேலையில் இறங்கினால் நிமிர்ந்து பார்க்கமாட்டாள். வரிசையில் அடுத்து நின்ற காலருகே குனிந்தவள், அது பையனின் கால் என்று கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். பையன் சட்டென்று மணலில் உட்கார்ந்துவிட்டான். பெரியவள் குனிந்து தன் காலைத் தொடக்கூடாது என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

"குடுங்க மாமி, நான் பூசுறன்," என்று சவுக்காரத்தை வாங்கித் தன் காலில் தேய்த்தான். ஒரு கேள்வி இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. பிறகு இரண்டு கையையும் அவளிடம் நீட்டினான். அக்கா கொஞ்சம் தயங்கி, உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு என்று எங்களுக்குப் பூசியது போலவே பூசிவிட்டாள்.

அந்தக் காலைக் கடலை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். குளம் மாதிரிக் கிடந்தது. பையனின் அப்பா கரையில் தெரிந்த மாதா கோயில் கோபுரத்தையும் ஒரு தண்ணீர்த் தாங்கியையும் கண்ணால் அளந்து, இரண்டும் ஒரே நேர்கோட்டில் வந்ததும் எஞ்சினை நிறுத்தினார். "இதுக்குக் கீழதான் கல்லுப்பார் கிடக்கு. மீனெல்லாம் இந்தக் கல்லுலதான் குடியிருக்கு," என்றார். மேலே எங்கு பார்த்தாலும் ஒரே தண்ணீர். அதில் இந்த இடத்தில்தான் கல் இருக்கிறது என்று ஒரு மனிதனுக்குத் தெரிகிறதே, அதை நினைத்து வாயைப் பிளந்தேன். பிளந்த வாயால் உடனேயே வாந்தியும் எடுத்தேன்.

அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு ஏறியவள், கொழுந்துக் கூடையோடு சரிவில் நிற்கிற அதே நிதானத்தில் பலகையில் உட்கார்ந்திருந்தாள். பையன் அவளுக்குத் தங்கூசி நூலைக் கொடுத்து, தூண்டிலில் இறாலைக் கோத்து, நூலில் கட்டிய ஈயம் கடலடியில் முட்டியதும் ஒரு முழம் தூக்கிப் பிடிக்கச் சொல்லிக் காட்டினான். அவள் நூலை ஆட்காட்டி விரலில் தொங்கவிட்டாள். பார்க்காமலே கொழுந்தையும் முத்தல் இலையையும் பிரித்தெடுக்கிற விரல் அது. பத்து நிமிடத்தில் கடலுக்கு அடியில் நடப்பதை அவள் எனக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

"வருது... தொடுது... போயிருச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "வந்து மோந்து பாத்துட்டுப் போகுதுடா."

அப்படியேதான் நடந்தது. பின்பக்கம் இருந்த பையனின் அப்பா விளைமீனும் பாரையுமாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கை நூலை இழுக்கிற வேகம் பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. எங்கள் பக்கத்து நூல்கள் நாலும் சும்மா தொங்கின. அக்காவுக்கு இல்லை, மகளுக்கு இல்லை, எனக்கு இல்லை. பிறந்ததிலிருந்து கடலில் கிடக்கிற அந்தப் பையனுக்கும் ஒன்றுமே இல்லை. ஒரு தடவை அவன் கையைப் போட்டுக்கு வெளியே நீட்டித் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோனதையும், அக்கா தன்னைப் பார்ப்பதைக் கண்டு திரும்ப எடுத்துக்கொண்டதையும் நான் பார்த்தேன். வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன்.

"என்னடா, மாமியக் கண்டதும் கை நடுங்குதா? இண்டைக்கி உன்னை நம்பியிருந்தா ஊரு பட்டினி!" என்று அவன் அப்பா கத்தினார். திரும்பத் திரும்பக் கத்தினார். பக்கத்தில் போன இன்னொரு போட்டையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். பையன் சிரித்துக்கொண்டே அடுத்த இறாலைக் கோத்தான்.

வெயில் ஏறி, எஞ்சினைக் கிளப்பினார்கள். அக்கா கரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். "பாத்தியா? கடலுக்கே நம்மளப் புடிக்கல. மோந்து பாத்துட்டு வேணாம்னு போகுது."

சொல்லிவிட்டு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

எதிரே அக்கா மகள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் மீன் பெட்டியைப் பார்த்தேன்.

போட்டைக் கரையில் இழுத்துப் போட்டு, பையனின் அப்பா தூண்டில்களைச் சுற்ற ஆரம்பித்தார். மகனுடைய தூண்டிலில் இறால் முழுசாக அப்படியே இருந்தது. அதைப் பிய்த்தவர் மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறியது. மகனின் கையைப் பிடித்து இழுத்து மோந்து பார்த்தார்.

"சவுக்காரம்! டேய், சவுக்காரக் கையால இரையத் தொட்டா மீன் கிட்ட வராதெண்டு கைப்புள்ளைக்கும் தெரியுமேடா! உனக்குத் தெரியாதா?"

சுற்றி நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். பையன் தலையைக் குனிந்துகொண்டான். "வீட்ட கை கழுவினன் அப்பா. அலச மறந்து போனன்."

அவன் பொய் சொல்கிறான் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். நாங்கள் வாயைத் திறக்காவிட்டால் விசயம் அதோடு முடிந்திருக்கும். நான் திறந்திருக்கமாட்டேன் என்பதைக் கூச்சத்தோடு எழுதுகிறேன். அக்காதான் முன்னால் வந்தாள். அத்தனை பேருக்கும் நடுவில், தோட்டத்துக்காரி என்று யாராவது சிரித்துவிடுவார்களோ என்று வாழ்நாள் பூராவும் பயந்தவள், நிமிர்ந்து நின்று சொன்னாள்.

"புள்ளைய ஏசாதீங்க. நான்தான் பூசிவிட்டேன். அட்டைக்கு."

"அட்டைக்கா?"

"எங்க மலையில அட்டை இருக்குங்க. இங்கயும் இருக்கும்னு நெனச்சேன்."

பையனின் அப்பா அவளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பிறகு சிரித்தார், அப்படி ஒரு சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்காவின் முகம் சுருங்கியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீன் செதில் ஒட்டிய தன் இரண்டு கையையும் அவள் முன்னால் நீட்டினார்.

"அப்ப எனக்கு மட்டும் ஏன் பூசல்ல? என்னய அட்டை கடிச்சாப் பரவாயில்லயா?"

அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் பையனிடம் திரும்பினாள்.

"ஒனக்குத் தெரியும்தானே தம்பி? சுத்தியும் தண்ணி. ஏன் கழுவல?"

அவன் மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நீங்க பூசிவிட்டது. உங்களுக்கு முன்னால எப்படி மாமி கழுவுற?"

அக்கா அப்படியே அலை வந்துபோகிற இடத்தில் குந்தி, அவன் கையைப் பிடித்து இழுத்து, ஈர மணலை அள்ளி அள்ளிப் போட்டுத் தேய்த்தாள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு. மலையிலிருந்து இறங்கி வந்ததும் மகளுக்குக் கை கழுவிவிடுவாளே, அதே மாதிரி. இடுப்பில் செருகியிருந்த முந்தானை அவிழ்ந்து தண்ணீரில் நனைந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

பையனின் அப்பா என் தோளில் கை போட்டார். "தாய்மாமன் என்ன சொல்லுறீங்க?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கண்கள் நிறைந்திருந்தன, குரல் மட்டும் எப்போதும் போலக் கோபமாகத்தான் வந்தது.

"என்னைய என்னடா பாக்குற? தேதியக் கேளு."

ஆறு மணி நேரம் பஸ்ஸில் சொல்லிப் பழகியதெல்லாம் தொண்டை வரை வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, தேதியைக் கேட்டேன்.