சுவருக்கு மேலாக வந்த பூண்டுப்பால்

தென்காசியில் எங்கள் வீட்டு அடுப்படிக்குள் வெள்ளைப்பூண்டு நுழையாது. அமுதத்தைத் திருடிக் குடித்த அசுரனின் தலையை வெட்டியபோது சிந்திய ரத்தத்தில் முளைத்தது அது என்பார் என் மாமியார். அமுதம் கலந்ததால் மருந்தாம், அசுர ரத்தம் என்பதால் நாற்றமாம்.

ஐம்பதுகளின் கடைசியில், ஓர் ஆனி மாதம், எனக்கு மகள் பிறந்தாள். எனக்குத் தாய் இல்லை. பிரசவம் மாமியார் வீட்டிலேயே நடந்தது. பதினைந்து நாளாகியும் பால் சரியாக ஊறவில்லை. பிள்ளை பசியில் கத்திக் கத்தி ஓய்ந்துபோகும்.

பக்கத்து வீட்டில் கடையநல்லூரிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் குடும்பம் வாடகைக்கு இருந்தது. அந்த வீட்டு அக்கா நான்கு பிள்ளை பெற்றவர். கொல்லைச் சுவரோரம் நின்று அவரிடம் அழுதேன்.

"பூண்டைப் பால்ல வேகவச்சு, கருப்பட்டி போட்டுக் குடி. எங்க வீடுகள்ல பிள்ளை பெத்தவளுக்கு அதான் குடுப்போம்" என்றார்.

"எங்க அத்தை விடமாட்டாங்கக்கா. நீங்களே காய்ச்சித் தாங்களேன்."

மாமியார் கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து, தினமும் சுவருக்கு மேலாக ஒரு செம்பு வந்தது. ஒரு வாரத்தில் ரவிக்கை நனையும் அளவுக்குப் பால் ஊறியது. மகள் வயிறு நிறையக் குடித்து அசந்து தூங்கினாள்.

சாரல் விடாமல் அடித்த ஒரு நாள் ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தோம். பூண்டு வாடை அறையை விட்டுப் போகவில்லை. திரும்பி வந்த மாமியார் கட்டிலுக்கடியில் இருந்த செம்பை எடுத்துவிட்டார்.

"ஏட்டி, இது எங்கன இருந்து வந்துது?"

"பக்கத்து வீட்டு அக்கா கொண்டாந்தாங்க. நான் வேண்டாம்னுதான் சொன்னேன் அத்தை. கேக்காம வச்சிட்டுப் போயிட்டாங்க."

மாமியார் கொல்லைக்குப் போய், நாலு வீட்டுக்குக் கேட்கும்படி ஏசினார். அந்த அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "தப்புதான் ஆச்சி, இனி செய்யலை" என்றார். ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் பிள்ளையின் துணியைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். இரண்டு மாதத்தில் அவர்கள் ஊருக்கே திரும்பிவிட்டார்கள்.

ஏழெட்டு வருடம் கழித்து, குற்றாலத்தில் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது மாமியாரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என் மகளின் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்:

"அன்னைக்கே தெரியும். உன்னைய ஏசுனா பால் வத்திரும்லா. அதான் அவளை ஏசுனேன்."



கடையநல்லூருக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. மகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்த அக்கா முன்னால் நிற்க வேண்டும் என்று பள்ளி விடுமுறைதோறும் நினைப்பேன். அவர் இருந்த தெரு எது என்றுகூட நான் யாரிடமும் விசாரிக்கவில்லை.